கட்டுமானத் தகராறுகளைக் கையாளும் வழக்குரைஞராக டெல்டாவிலிருந்தே தொழில் செய்ய முடியுமா?

பாபநாசம் பொறியாளர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சிவில் பொறியியல் முடித்தது முதல் பாபநாசம், வலங்கைமான், கும்பகோணம் வட்டாரங்களில் வாய்க்கால் மதகுகள், சிறு பாலங்கள், பள்ளிக் கட்டடங்கள் ஆகிய வேலைகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்களிடம் பணியாற்றி வருகிறேன். முதலில் தளத்தில் நின்றேன். இப்போது அளவு எடுப்பதும் பில் தயாரிப்பதும் என் பொறுப்பு.

அண்மையில் ஒரு மதகு வேலையில் எங்கள் ஒப்பந்தக்காரருக்கும் வேலை கொடுத்த துறைக்கும் தகராறு ஏற்பட்டது. இடத்தை ஒப்படைப்பதில் தாமதமானது. அதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் வேலை அடுத்த கோடைக்குத் தள்ளிப்போனது. முடிவில், இறுதிப் பில்லில் தாமதத்திற்கான அபராதத்தையும் எங்களிடமே பிடித்துக்கொண்டார்கள். ஊரில் நல்ல பெயர் உள்ள ஒரு வழக்கறிஞரிடம் போனோம். நில வழக்குகளிலும் பாகப்பிரிவினை வழக்குகளிலும் அவர் கெட்டிக்காரர். ஆனால் எம்-புக்கையும் (வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) ஷெட்யூலையும் (வேலை, விலைப் பட்டியல்) அவருக்குப் புரியவைக்க வெகுநேரம் பிடித்தது. அவருக்காகக் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, எந்தக் கடிதத்திற்கு எந்தப் பதில், எந்தப் பதிலுக்குள் எந்த ஒப்புதல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தபோது, இதையே என் தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது.

கட்டுமானத் தகராறுகளை மட்டும் பார்க்கும் வழக்குரைஞரின் அன்றாட வேலை என்ன, பொறியாளராக இருந்தவர் சட்டம் படித்து இதற்குள் வருவது பொருத்தமானதா, சென்னைக்குக் குடிபெயராமல் இங்கிருந்தே செய்ய முடியுமா என்பவற்றை, இந்தத் துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


தஞ்சை வழக்குரைஞர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட மதகு வேலையையே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன், ஏனெனில் இந்தத் தொழில் கேட்கும் உழைப்பில் பெரும்பகுதி அந்த ஒரு வேலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுகிறது. ஆகவே, ஆற்றுக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் அடித்தளம் தோண்டிக் கான்கிரீட் போட டெல்டாவில் கிடைப்பது பிப்ரவரி முதல் ஜூன் தொடக்கம் வரையிலான மாதங்கள்தாம். மார்ச் முதல் வாரத்தில் ஒப்படைக்க வேண்டிய இடத்தை மே கடைசியில் ஒப்படைத்தால், காகிதத்தின்படி தாமதம் மூன்று மாதம்கூட இல்லை; ஆனால் அந்தக் கோடை முழுவதும் போய்விட்டதால், வேலை உண்மையில் பின்தங்குவது ஏறத்தாழ ஓராண்டு. இந்த வித்தியாசத்தைச் சென்னையிலோ டெல்லியிலோ இருந்து வரும் நடுவருக்கு (நீதிமன்றத்துக்கு வெளியே ஒப்பந்தத் தகராறைத் தீர்ப்பவர்), கடிதங்களையும் திறப்பு உத்தரவுகளையும் பாசன நீர் அளவுப் பதிவுகளையும் கொண்டு மெய்ப்பிப்பதுதான் வழக்குரைஞரின் வேலை. 2022இல் அணை மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டது. உழவர்களுக்கு அது நல்ல செய்தி. ஜூன் 12ஐ மனதில் வைத்து டெண்டர் போட்டிருந்த ஒப்பந்தக்காரர்களுக்கோ கையிலிருந்த 19 நாட்கள் போய்விட்டன. அந்த இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு நியாய உணர்வை வைத்துப் பதில் சொல்ல முடியாது; அந்த ஒப்பந்தத்தின் கால நீட்டிப்புப் பிரிவும், தண்ணீர் வரத்தைப் பற்றி அதன் தனி நிபந்தனைகள் சொல்வதும்தான் பதில் தரும்.

கால நீட்டிப்பு வேறு, இழப்பீடு வேறு என்பதைத் தொடக்கத்திலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். நீட்டிப்புக் கிடைத்தால் அபராதத்திலிருந்து தப்பலாம். ஆனால் அந்த ஓராண்டில் சும்மா கிடந்த சென்டரிங் பலகைக்கும், தளக் கொட்டகைக்கும், காவலுக்கும், ஏறிப்போன கம்பி விலைக்கும் பணம் கேட்க வேண்டுமானால் தனி அடிப்படை தேவை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, காலம் முக்கியமான ஓர் ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பு தன் கடமையைத் தாமதமாகச் செய்வதை ஏற்றுக்கொள்கிறவர், ஏற்கும் அந்த நேரத்திலேயே இழப்பீடு கேட்கும் எண்ணத்தைத் தெரிவிக்காவிட்டால் பின்னர் கேட்க இயலாது என்கிறது. இதனால்தான், இடத்தைத் தாமதமாகப் பெற்றுக்கொள்ளும் நாளில், உரிமையை ஒதுக்கிவைத்து எழுதப்படும் நான்கு வரிக் கடிதம், பின்னர் எழுதப்படும் நாற்பது பக்க மனுவைவிட மதிப்புள்ளதாகிறது. ஃபிடிக் என்னும் பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்த அடிப்படையிலான நிபந்தனைகளைக் கொண்ட பெரிய ஒப்பந்தங்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 1999ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நிகழ்வு தெரிய வந்ததிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும்.

அபராதத்தைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் ஒரு விழுக்காடு எழுதப்பட்டிருப்பதாலேயே அதைப் பிடித்துவிட முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பே தவிர, தானாகக் கிடைக்கும் தொகை அன்று. டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்கு எதிரான கைலாஷ் நாத் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், இழப்பை மெய்ப்பிக்கக்கூடிய இடத்தில் அதை மெய்ப்பித்தே ஆக வேண்டும் என்றும், மெய்ப்பிப்பது கடினமான அல்லது இயலாத இடத்தில்தான் எழுதிய தொகையை, அது நியாயமான முன்மதிப்பீடாக இருந்தால், வழங்கலாம் என்றும் விளக்கியது. உங்கள் மதகு வழக்கில் தாமதத்திற்கே துறை காரணம் என்றால், கேள்வி அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை.

இனி அன்றாடம். இந்தத் தொழிலில் வாதாடும் நேரம் குறைவு. படிக்கும் நேரமும் எழுதும் நேரமும் மிக அதிகம். ஒரு வழக்கை எடுத்தால் ஒப்பந்தம், வரைபடங்கள், எஸ்டிமேட், எம்-புக், தள உத்தரவுப் புத்தகம், கடிதப் போக்குவரத்து, வங்கிக் கணக்கு, கான்கிரீட் வலிமையைக் காட்டும் கியூப் சோதனை அறிக்கைகள் என்று ஒரு மேசை நிறையக் காகிதம் வரும். அதிலிருந்து காலவரிசை ஒன்று உருவாக வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் காரணம், பொருந்தும் ஒப்பந்தப் பிரிவு, கணக்கு, ஆதாரம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தாமதக் காலத்துத் தலைமை அலுவலகச் செலவைக் கணக்கிட ஹட்சன், எம்டன், ஐக்லீ என்னும் சூத்திரங்கள் உண்டு. மெக்டர்மாட் எதிர் பர்ன் ஸ்டாண்டர்ட் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் அவற்றை எடுத்துப் பேசியிருக்கிறது. ஆனால் உள்ளூர் வழக்குகளில், சூத்திரத்தைவிட வாடகை ரசீதும் வருகைப் பதிவேடும் வேகமாக எடுபடுகின்றன என்பது என் அனுபவம்.

எங்கே போய் முறையிடுவது என்பதும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மாறும். மாநிலத் துறைகளின் பல ஒப்பந்தங்களில் நடுவர் பிரிவு சிறு தொகைக்கு மட்டுமே இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அப்போது வழி உரிமையியல் நீதிமன்றம்தான். அரசுமீது வழக்குத் தொடுக்க உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத அறிவிப்புத் தேவை. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017க்கு முன் வழக்குத் தொகையில் 7.5 விழுக்காடாக இருந்து இப்போது 3 விழுக்காடாகியிருப்பது சிறு ஒப்பந்தக்காரர்களுக்குப் பெரிய ஆறுதல். கட்டுமான ஒப்பந்தத் தகராறு வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின்கீழ் வணிகத் தகராறாகும்; 2018 முதல் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டவை அதற்குள் வந்துவிடுகின்றன. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில் முன்னதாகவே சமரசத்துக்குச் செல்வது கட்டாயம் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நடுவர் பிரிவு இருந்தால், 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின்படி வாதுரைகள் (இரு தரப்பும் எழுத்தில் தரும் கோரிக்கை, மறுப்பு அறிக்கைகள்) முடிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் தீர்ப்பு வர வேண்டும். இரு தரப்பும் இசைந்தால் இன்னும் 6 மாதம். அதற்கு மேல் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

இங்கிருந்தே செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் பயணம் உண்டு. நடுவரை நியமிக்கக் கோரும் மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்கள் 2004இல் தொடங்கிய மதுரை அமர்வின் எல்லைக்குள் இருக்கின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சென்னைக்கு உட்பட்டவை. நடுவர் மன்றத்தின் இருக்கை, அதாவது சட்டப்படியான இடம், எந்த ஊர் என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால், பாபநாசத்து வேலைக்கு மதுரைக்கும் பக்கத்து வலங்கைமான் வேலைக்குச் சென்னைக்கும் போக நேரிடும்.


ஓய்வுபெற்ற செயற்பொறியாளர் எழுதியது:

வழக்குரைஞர் ஐயா சொன்னவற்றோடு, மேசையின் மறுபக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். பணியில் இருந்தபோது துறையின் சார்பில் சாட்சி சொல்லியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு சில வழக்குகளில் நடுவராகவும் இருந்து வருகிறேன்.

டெல்டாவில் தனியே கற்க வேண்டியது தூர்வாரும் வேலையின் தகராறு. ஏப்ரல், மே மாதங்களில் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் மண் எடுக்கும் வேலை அவசரமாக நடக்கும். எடுத்த மண்ணின் கன அளவு, வேலைக்கு முன் எடுத்த லெவலுக்கும் (தரைமட்ட அளவு) வேலைக்குப் பின் எடுத்த லெவலுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து வருவது. தண்ணீர் வந்து வண்டல் படிந்துவிட்டால் அந்த அளவை மறுபடி எடுக்க உலகில் எந்தக் கருவியாலும் முடியாது. ஆகவே, முதல் லெவல் புத்தகத்தில் துறைப் பொறியாளரும் ஒப்பந்தக்காரரின் ஆளும் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கிறார்களா என்ற ஒரே கேள்வியில் பல லட்சம் ரூபாய் நிற்கும். கையெழுத்து இல்லாத லெவலை வைத்துக்கொண்டு, எவ்வளவு திறமையான வழக்கறிஞர் பேசினாலும் நடுவரால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. இதை அறிந்த பொறியாளர் வழக்கறிஞராக வந்தால், வழக்கின் பலவீனத்தை முதல் நாளிலேயே கட்சிக்காரரிடம் சொல்லிவிட முடியும். அந்த நேர்மை இந்தத் தொழிலுக்கு மிகவும் தேவைப்படுகிறது.

இரண்டாவது, கூடுதல் வேலை. தோண்டும்போது எதிர்பாராத சேறு வந்து அடித்தளத்தை இன்னும் ஆழமாக்கச் சொல்லித் தளத்தில் வாய்மொழியாக உத்தரவு வரும், வேலையும் நடந்துவிடும், பில் வரும்போது உத்தரவு எங்கே என்று தணிக்கை கேட்கும். எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாவிட்டாலும், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்து, மறுதரப்பு அதன் பயனை அனுபவித்தால் ஈடு கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு இடம் தருகிறது. மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் இடையிலான பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதற்கு ஆதாரம். ஆனால், ஒப்பந்தத்துக்குள்ளேயே கூடுதல் வேலைக்கு விதி இருந்தால் அந்த விதிதான் முதலில் வரும். அன்றே தள உத்தரவுப் புத்தகத்தில் பதிவு கேட்டிருந்தால் இவ்வளவும் தேவைப்படாது.

மூன்றாவதாக, நடுவர் யார் என்பது. முன்பெல்லாம் துறையின் கண்காணிப்புப் பொறியாளரே நடுவராக அமர்வதுண்டு. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தகராறில் உள்ள தரப்பின் ஊழியரை நடுவராக இருக்கத் தகுதியற்றவராக்கியது. பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் 2019இல் வந்த தீர்ப்பு, தகராறின் முடிவில் அக்கறையுள்ளவர் தனி நடுவரைத் தானே நியமிக்கக்கூடாது என்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு ஒப்பந்தங்களிலும் ஒருதலைப்பட்ச நியமனம் சமத்துவத்துக்கு எதிரானது என்று முடிவு செய்தது. இதனால், தரப்போடு தொடர்பில்லாத தொழில்நுட்ப நடுவர்களுக்குத் தேவை இருக்கிறது.

தம்பி ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுவராக அமர்வதற்குச் சட்டப் பட்டம் கட்டாயமில்லை. கோரிக்கை அறிக்கைகளைத் தயாரித்துக் கொடுக்கும் ஆலோசகராகவோ, நிபுணர் சாட்சியாகவோ, பின்னாளில் நடுவராகவோ பொறியாளராகவே இருந்து பணியாற்றலாம். நீதிமன்றத்தில் நின்று வழக்கைத் தானே நடத்த வேண்டும் என்ற விருப்பம் உள்ளவர் மட்டும் சட்டக் கல்லூரிக்குப் போனால் போதும். உங்களுக்கு எது விருப்பம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.


திருவாரூர் வழக்கறிஞர் எழுதியது:

இங்கே பேசப்படுபவை பெரும்பாலும் அரசு வேலைகளாக இருப்பதால், வீடு கட்டுவோர் தரப்பைச் சொல்ல விரும்புகிறேன். என்னிடம் வரும் கட்டுமான வழக்குகளில் பாதிக்கு மேல் இவைதாம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஊரில் வீடு கட்டுகிறவர்கள், ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள், வங்கிக் கடன் வாங்கியவர்கள் எனப் பலவகை. ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் பாதியில் நின்ற சுவர்களுக்குள் முடங்கிக் கிடக்கும்போது, அவர்களுக்கு அது ஒரு வழக்கு மட்டும் அன்று என்பதை உணர்ந்தவர்தான் இதைச் செய்ய வேண்டும்.

இந்த வழக்குகளின் வேர் ஒப்பந்தப் பத்திரத்திலேயே இருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு வரி எழுதுகிறார்கள். படிக்கட்டும் போர்ட்டிகோவும் அந்தக் கணக்கில் சேருமா, தண்ணீர்த் தொட்டியும் சுற்றுச்சுவரும் உள்ளடக்கமா, என்ன தரத்துக் கம்பி, எந்த நிலையில் எவ்வளவு பணம் என்பது இருக்காது. கூரைக் கான்கிரீட் போடும் வரை பணம் முன்கூட்டியே போய்விடும். பூச்சு வேலைக்கு வரும்போது ஒப்பந்தக்காரரிடம் பணமும் இருக்காது, ஆளும் இருக்காது. இதற்கு அடுத்தபடி விரிசல். எங்கள் பக்கத்துக் களிமண் நனையும்போது உப்பிக் காயும்போது சுருங்கும் தன்மையுடையது. ஐப்பசி, கார்த்திகையில் ஊறி, பங்குனி, சித்திரையில் பிளக்கும். விரிசல் விழுந்ததும் ஒப்பந்தக்காரர் மண்ணைக் காரணம் சொல்வார், உரிமையாளர் சிமெண்டுக் கலவையைக் காரணம் சொல்வார். மண் பரிசோதனையே செய்யாமல் அடித்தளம் போட்டிருந்தால், மண்ணைக் காரணம் காட்டும் வாதம் ஒப்பந்தக்காரரையே திருப்பிக் கேள்வி கேட்கும்: தெரிந்த மண்ணுக்கு ஏற்ற அடித்தளத்தை ஏன் போடவில்லை?

இவற்றில் நான் முதலில் செய்வது, விரிசலைப் பூசுவதற்கு முன்பே ஆதாரத்தைக் காப்பது. உரிமையியல் நீதிமன்றத்தில் விசாரணைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9இன்கீழ் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க மனுப் போட்டு, அவருடன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரையும் அனுப்பி அளவும் படமும் எடுக்க வைக்கலாம். நுகர்வோர் ஆணையத்திலும் நிபுணர் அறிக்கை கேட்கலாம். வீடு கட்டித் தருவது சேவைதான் என்பதை லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990களிலேயே உறுதிசெய்துவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

ரெரா என்னும் மனை, கட்டட விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பற்றிப் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்து வீடு கட்டியவர்களுக்கு அது பொருந்தாது. பதிவுக்கு உரிய அடுக்ககம், மனைப்பிரிவு வாங்கியவர்களுக்கு உரியது. அவர்களுக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்ற 14ஆம் பிரிவு பெரிய பாதுகாப்பு.

வாட்ஸ்அப்பில்தான் இன்று பாதி ஒப்பந்தம் நடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம் என்னும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு அந்தச் செய்திகளைத் தாக்கல் செய்ய வேண்டும். தொலைபேசியை மாற்றும்போது பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வருமானத்தைப் பொறுத்தவரை, அரசு வேலைத் தகராறு ஒன்று வரும் இடைவெளியில் இத்தகைய வீட்டு வழக்குகள்தாம் அலுவலகத்தை நடத்துகின்றன. தொகை சிறிது என்று இவற்றை ஒதுக்குகிறவருக்கு டெல்டாவில் தொழில் நிற்பது கடினம்.


பாபநாசம் பொறியாளர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செயற்பொறியாளர் ஐயா கேட்ட கேள்விக்கு என் பதில், வழக்கை நானே நடத்த வேண்டும் என்பதுதான். மேலும் சில ஐயங்கள். பில் தயாரிக்கும் இந்த வேலையை வைத்துக்கொண்டே வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியுமா? பட்டம் பெற்ற பிறகு எங்கள் ஒப்பந்தக்காரரின் மதகு வழக்கையே முதல் வழக்காக எடுக்கலாமா? வசூலாகும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகத் தருவதாக அவர் இப்போதே சொல்கிறார்.


மன்னார்குடி ஒப்பந்தக்காரர் எழுதியது:

வழக்கறிஞர்கள் பதில் சொல்வதற்கு முன் எங்கள் தரப்பில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற நடுத்தர ஒப்பந்தக்காரர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது வழக்கு நடத்துபவர் அல்லர். வேலை நடக்கும்போதே கூட இருந்து, எந்த நாளில் என்ன கடிதம் எழுத வேண்டும் என்று சொல்பவர். தாமதத்தைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினால் அதிகாரிகள் வருந்துவார்கள், அடுத்த பார்ட் பில் நின்றுவிடும் என்ற அச்சத்தில் எதையும் எழுதாமல் இருந்துவிடுகிறோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது இந்தப் பகுதியில் எத்தனையோ தளங்களில் கொட்டகையும் சிமெண்டும் சென்டரிங்கும் போயின. ஒப்பந்தம் கேட்கும் அறிவிப்பை உரிய காலத்தில் கொடுத்தவர்கள் என் சுற்றத்தில் மிகச் சிலரே. பகையை வளர்க்காத மொழியில், ஆனால் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கடிதம் எழுதித் தருபவர் ஒருவர் கும்பகோணத்திலோ தஞ்சையிலோ இருந்தால், மாதக் கட்டணம் கொடுத்து வைத்துக்கொள்ள நாங்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். பில்லின் கடைசியில் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்து வாங்குகிறார்களே, அதைப் போட்ட பிறகும் வழி உண்டா என்பதையும் யாராவது விளக்க வேண்டும்.


தஞ்சை வழக்குரைஞர் எழுதியது:

மன்னார்குடி ஐயாவின் கேள்விக்கு முதலில் பதில். அந்தக் கையெழுத்து எப்போதும் முற்றுப்புள்ளி ஆகாது. போகரா பாலிஃபேப் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், நிர்ப்பந்தத்தாலோ மோசடியாலோ பெறப்பட்ட விடுவிப்புச் சீட்டு கோரிக்கையை அடைக்காது என்று விளக்கியது. ஆனால் நிர்ப்பந்தம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. வங்கிக் கடன் நெருக்கடி, பில்லை நிறுத்திவைத்த கடிதம், கையெழுத்திட்டவுடன் அனுப்பிய மறுப்புக் கடிதம் போன்றவை வேண்டும். பணம் வங்கியில் ஏறிய அன்றோ மறுநாளோ மறுப்பை அனுப்புங்கள். மாதங்கள் கழித்து அனுப்பினால் நம்ப மாட்டார்கள். மாதக் கட்டண ஏற்பாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது இந்த இழையிலேயே மிகவும் பயனுள்ள தகவல் என்று கருதுகிறேன். தகராறு முற்றிய பின் வரும் வழக்குகளை மட்டும் நம்பியிராமல், வேலை நடக்கும்போதே ஆலோசனை தரும் வழக்குரைஞருக்கு இந்த நான்கைந்து மாவட்டங்களில் இடம் இருக்கிறது.

தம்பியின் கேள்விகளுக்கு வருகிறேன். இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி, முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக்கூடாது. வழக்கறிஞர் தாமே நேரில் வணிகம் நடத்தவும் கூடாது. ஆகவே, பதிவு செய்யும்போது இந்த வேலையை விட்டுவிட வேண்டும். பிற்காலத்தில் சொந்தமாக டெண்டர் எடுக்கும் எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, வகுப்புக்குச் சென்றே படிக்க வேண்டியது. தொலைநிலைச் சட்டப் பட்டத்தை வழக்கறிஞர் மன்றம் ஏற்பதில்லை. நமக்கு அருகில் திருச்சி அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பதிவுக் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். சட்டம் நிர்ணயித்த 750 ரூபாய்க்கு மேல், பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் 125 ரூபாய்க்கு மேல், மாநில மன்றங்கள் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துவிட்டது. பதிவுக்குப் பின் அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும். கட்டுமானத்தை மட்டும் பார்ப்பேன் என்று முதல் நாளே அறிவித்துவிடாதீர்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் மனு வரையவும், எல்லா வழக்குகளும் நடத்தும் ஒரு மூத்தவரிடம் சில ஆண்டுகள் இருந்தால்தான் கை வரும்.

மதகு வழக்கை நீங்கள் எடுக்க இயலாது. அந்த அளவுகளை எடுத்தவரும் பில்லைத் தயாரித்தவரும் நீங்கள். அந்த வழக்கில் நீங்கள் முக்கியச் சாட்சி. தாம் சாட்சியாக வேண்டியிருக்கும் என்று தெரிந்த வழக்கில் வழக்கறிஞராக முன்னிலையாகக் கூடாது என்பது விதி. அதோடு, வசூலில் பங்கு என்ற கட்டண முறையையும் விதிகள் தடுக்கின்றன. ஒப்பந்தக்காரர் அன்போடு சொல்வார். அதே அன்போடு மறுத்துவிடுங்கள்.

நீங்கள் படித்து வரும் வரை அந்த வழக்கு காத்திருக்கவும் முடியாது. செய்த வேலையின் விலையைக் கேட்கும் வழக்குக்கு, பணம் தரும் நாள் தனியே குறிக்கப்படாவிட்டால், 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின்படி வேலை செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே அவகாசம். அலுவலகத்துக்கு மீண்டும் மீண்டும் அனுப்பும் நினைவூட்டல் கடிதங்களால் அந்தக் காலம் நீளாது. 80ஆம் பிரிவு அறிவிப்புக்கான இரண்டு மாதத்தைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வேலை முடிந்த சான்றின் தேதியையும், இறுதிப் பில்லின் தேதியையும், அபராதம் பிடித்த உத்தரவின் தேதியையும் இந்த வாரமே எடுத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் முழு நகலோடு ஒப்பந்தக்காரரை ஏதேனும் ஒரு வழக்குரைஞரிடம் அழைத்துப் போங்கள். உங்கள் காலவரிசைக் குறிப்பையும் மறக்காமல் உடன் எடுத்துச் செல்லுங்கள். சாட்சியாக நீங்கள் அதைத்தான் பேச வேண்டியிருக்கும்.